ஜப்பான் படத்துக்கு மாமா சொன்ன கதை

அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் இருந்த கார்த்திகை மாதத்தில் நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் ஒரு கட்டி, அதை எடுத்துவிட்டால் வந்துவிடுவாள் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். கட்டி என்றால் என் முழங்காலில் வருகிற மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும், எங்கள் மலைக் கிராமம் மன்னவனூரில் பற்றுப் போட மஞ்சள் இல்லையா என்றுதான் எனக்குக் குழப்பம். அப்பா அவளுக்குத் துணையாகப் போயிருந்தார். என்னைப் பார்த்துக்கொள்ள மாமா வந்திருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை. அவரைப் பெற்றவள் இறந்தபோது அவருக்கு மூன்று வயது. அதற்குப் பிறகு அம்மாதான் அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு காடுகாடாய்த் திரிந்து வளர்த்திருக்கிறாள். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். இந்தப் பெருமையை நான் வகுப்பில் கொஞ்சம் கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். வெள்ளைக்காரர்களுக்கே சந்தேகம் வந்தால் மாமாவைத்தான் கேட்பார்கள் என்பதுவரை அது வளர்ந்திருந்தது.

வீட்டில் போன் சிக்னல் கிடையாது. பூண்டுக் காட்டைத் தாண்டி மேலே ரோடு திரும்புகிற வளைவில் நின்றால்தான் கிடைக்கும். தினமும் சாயங்காலம் மாமா அங்கே போய் அப்பாவிடம் பேசிவிட்டு வருவார். "அம்மா நல்லாருக்கு பாப்பா. உன்னையக் கேட்டுச்சு" என்பார். எல்லா நாளும் அதே இரண்டு வாக்கியம்தான்.

ஒரு நாள் மழையில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. பஸ் வராவிட்டால் டீச்சர் வர மாட்டார். டீச்சர் வராவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை. நான் சந்தோஷமாகப் போர்வைக்குள் கிடந்தேன். மாமாதான் அன்றைக்கு ஒரு மாதிரி இருந்தார். பாலைப் பொங்கவிட்டார். உப்புமாவில் இரண்டு தடவை உப்புப் போட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியிலும் மணி பார்த்தார், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சோதிப்பவர் போல. அப்புறம் நான் கேட்காமலே தன் லேப்டாப்பை எடுத்து வந்து பாயில் வைத்தார். வழக்கமாக அதை நான் தொட்டாலே கத்துவார்.

"வா பாப்பா, படம் பாப்போம். லாட்ஜுல தங்குன பசங்க பென் டிரைவுல போட்டுக் குடுத்தது. ஜப்பான் கார்ட்டூன். மந்திரம், குதிர எல்லாம் வரும். சின்னப் புள்ளைக பாக்குறதுதான்."

சின்னப் பிள்ளைகள் பார்க்கிறதுதான் என்று அவர் எதை வைத்து முடிவுகட்டினார் என்றால், அட்டைப் படத்தில் ஒரு சிறுமி இருந்தாள். அவ்வளவுதான்.

படம் தொடங்கியதும் நான் திரைக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன். மலைகளுக்குக் கீழே மேகம் பரந்து கிடந்தது. எங்கள் வளைவில் காலையில் வெள்ளனே நின்று பார்த்தால் தெரிகிற அதே மேகம். என் வயசுள்ள ஒரு பெண் வாயைத் திறந்தால் புகை வந்தது. அவள் வீட்டுக் கூரையிலும் பாசி பிடித்திருந்தது. நான் அதுவரை பார்த்த எந்தப் படத்திலும் குளிர் இருந்ததில்லை. ஜப்பான்காரர்கள் யாரோ மன்னவனூருக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் வரைந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். "இருக்கும், இருக்கும்" என்றார் மாமா.

அவர்கள் ஜப்பான் பாஷையில் பேச, கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. அதை மாமா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணின் அம்மா கையில் ஒரு வெண்கல மணி வைத்திருப்பாள். ஊரில் யார் செத்தாலும் அவர்களுடைய உயிர் வழி தெரியாமல் வாசலில் நிற்கும். அவள் மணியை ஆட்டிக்கொண்டே முன்னால் நடந்து, மேகத்தின் விளிம்புவரை கூட்டிப்போய் விட்டுவிட்டு வருவாள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. மாமா எனக்குச் சொன்னது, அவள் டூரிஸ்ட் கைடு என்று.

அதுவரை சரியாகத்தான் போனது. பத்து நிமிடம் போல ஆனதும் அந்த அம்மா இருமினாள். அடுத்த காட்சியில் படுத்திருந்தாள். மாமாவின் குரல் தடுக்கியது.

"தூங்குறாங்க" என்றார்.

"பகல்லயா?"

"அசதி."

படுத்திருந்தவளின் பக்கத்தில் அதே முகத்தோடு இன்னொருத்தி வெளிச்சமாக எழுந்து நின்றாள். "இது யாரு மாமா?" என்றேன். அவர் சற்று யோசித்து, "அவங்க தங்கச்சி. ரெட்டப் புள்ளைக" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு பொத்தானை அமுக்கிப் படத்தைக் கொஞ்சம் முன்னால் தாவவிட்டார். தாவி நின்ற இடத்தில் நாலு பேர் மண்வெட்டியோடு குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"உருளக்கெழங்கு போடுறாங்க" என்றார் மாமா வேகமாக.

நான் விவசாயி மகள். "இம்புட்டு ஆழத்துல போட்டா மொளைக்காதே மாமா."

"ஜப்பான் கெழங்கு அப்படித்தான்."

"கல்ல எதுக்கு நடுறாங்க?"

"எங்க போட்டோம்னு மறந்துறக் கூடாதுல்ல."

எனக்கு அப்போது ஒன்று தெளிவாகப் புரிந்துவிட்டது. மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இத்தனை நாள் லாட்ஜில் ஏதோ சமாளித்துக்கொண்டிருக்கிறார். அவர்மேல் பெரிய இரக்கம் வந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று என்றும் தோன்றியது. இனி கேள்வி கேட்டு அவரை மாட்டிவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் அந்தப் பெண் மணியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வெளிச்சமான அம்மா பின்னால் வந்தாள். மேகத்தின் விளிம்பில் இருவரும் நின்றார்கள். அம்மா குனிந்து மகளின் காதில் ஏதோ சொன்னாள். கீழே எழுத்து வந்து, நின்று, போனது. மாமா எதுவும் வாசிக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன சொல்லுது?" என்றேன்.

"பால் வாங்கப் போறாங்களாம். வந்துருவாங்களாம்."

மாமா காட்டியது ஒரு தொடரின் முதல் பகுதி மட்டும்தான்; பல வருடம் கழித்துக் கல்லூரி விடுதியில் அந்தத் தொடரை முழுசாகப் பார்த்தேன். அந்த இடத்தில் அவள் சொல்வது, "இனிமேல் எனக்காக நிற்காதே, அடுப்பு அணைந்துவிடும், வீட்டுக்குப் போ" என்பது. என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சத்தமாக அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த அம்மா வாளியோடு பால்காரர் வீட்டுக்குப் போவதுபோலவே கண்ணில் தெரிந்தது.

அன்றைக்குப் படத்தின் கடைசியில் ஓடிய பெயர்கள் முடிவதற்குள் மாமா எழுந்துவிட்டார். "வளைவுவரைக்கும் போய்ட்டு வெரசா வந்துர்றேன். வெளிய வராத" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். சாயங்காலம் போகிறவர் மத்தியானத்தில் ஏன் போகிறார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அவர் எந்தப் பொத்தானை அமுக்கினார் என்று மட்டும் பார்த்து வைத்திருந்தேன். அதன் பக்கத்துப் பொத்தானை அமுக்கினேன். படம் பின்னால் போனது.

அவர் தாண்டவிட்ட இடம் வந்தது. அந்தப் பெண் போர்வையின் நுனியைப் பிடித்து, மெதுவாக இழுத்து, தன் அம்மாவின் முகத்தை மூடினாள்.

இதற்கு இங்கிலீஷ் வேண்டியதில்லை. போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது நானே பார்த்திருக்கிறேன். தூங்குகிறவர்களுக்குக் கழுத்துவரைதான் போர்த்துவார்கள். அப்படியானால் மாமா தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தேதான் மாற்றிச் சொல்லியிருக்கிறார். அடுத்த நொடி இன்னொன்று தோன்றியது. "அம்மா நல்லாருக்கு, உன்னையக் கேட்டுச்சு" என்பதும் அதே வாய்தான் சொன்னது.

செருப்புப் போட்டேனா என்று ஞாபகமில்லை. பூண்டுக் காட்டுக்குள் தண்ணீர் கணுக்கால்வரை நின்றது. விழுந்து எழுந்து ஓடினேன். வளைவில் மாமா குடையைக்கூட விரிக்காமல் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார்.

"எங்கம்மாவுக்கு என்னாச்சு?" என்று கத்தினேன். "பொய் சொல்லாத மாமா! மொகத்த மூடுனாங்க, நான் பாத்துட்டேன்!"

அவர் திரும்பினார். முகமெல்லாம் ஈரம். போனை என் காதில் வைத்தார். அப்பாவின் குரல் விட்டுவிட்டு வந்தது. "ஆபரேசன் முடிஞ்சிருச்சும்மா. அம்மா கண்ணு முழிச்சிருச்சு."

ஆபரேஷன் அன்றைக்குத்தான் என்று அதுவரை என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டு ஆண்கள் யாரையும் நம்புகிற நிலையில் நான் இல்லை. "அம்மா என்ன சொல்லுச்சு? அப்படியே சொல்லுங்கப்பா" என்றேன்.

அப்பா அப்படியே ஒப்பித்தார். "சரியாப் பேச வரல. என் தம்பி சாப்பிட்டானா, புள்ளைக்குத் தல சீவிவிட்டானா, இல்ல பரட்டையாத் திரியுதான்னு கேட்டுச்சு."

நான் தலையைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று நாளாக அதில் சீப்புப் படவில்லை. இதை அப்பாவால் சொந்தமாக யோசித்துச் சொல்ல முடியாது. அம்மா உயிரோடுதான் இருக்கிறாள்.

"உன்னையச் சாப்டியான்னு கேட்டுச்சாம் மாமா" என்றேன்.

மாமா ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவருக்கு அப்போது இருபது வயது. எனக்கோ அவர் பெரிய ஆள். பெரிய ஆள் ஒருவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அம்மாதான் பிழைத்துவிட்டாளே, பிறகு எதற்கு அழ வேண்டும்? எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான் இருந்தது. படத்தை மாற்றிச் சொல்லிப் பிடிபட்ட வெட்கம்.

பக்கத்தில் போய் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். "அழாத மாமா. நீ கதைய மாத்திச் சொன்னத நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே மறுபடி அழுகையானது, முன்னைவிடச் சத்தமாக. இவ்வளவு தூரம் வாக்குக் கொடுத்த பிறகும் என்மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.