கிணற்றில் மீன் விட்டவர்

பேராசிரியர் காலமானபோது சேலத்தில் அனுதாபக் கூட்டம் நடந்தது. என் வீட்டுக்காரர் போய்வந்தார். பேராசிரியர் படித்த படிப்பு, எழுதிய கட்டுரைகள், சீமையிலிருந்து வந்த பாராட்டு எல்லாவற்றையும் மேடையில் சொன்னார்களாம். எங்கள் கிணற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

மேட்டூர் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். நாமக்கல் பக்கத்தில் எங்கள் தோட்டம். குளிர்காய்ச்சல் வீடு தவறாமல் ஆளைப் படுக்கப் போட்டது. என் மூத்த பையன் நடை பழகிய வயதில் அதில்தான் போனான். அடுத்த வருஷம் மகளுக்கும் குளிர் கண்டது. கொய்னா மருந்து கொடுத்தால் காய்ச்சல் விடும். கொஞ்ச நாளில் திரும்ப வரும். இவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில், யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பேராசிரியர் வந்தார். சேலம் காலேஜில் விலங்கியல் சொல்லித்தருகிறவர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். லீவு விட்டால் மற்ற வாத்தியார்கள் ஏற்காட்டுக்குப் போவார்கள். இவர் கொசுப்புழு தேடி ஊர் ஊராகக் கிணற்றை எட்டிப் பார்ப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நீளக் காம்பு வைத்த கரண்டியால் தண்ணீரை அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றுவார். பிறகு நெல்லில் கல் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கள் ஆட்கள் அவருக்குக் கொசு வாத்தியார் என்று பேர் வைத்தார்கள். அது அவருக்கும் தெரியும். அப்படிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

கிணறு என் மாமனாரின் பெருமை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க அந்தத் தண்ணீர்தான். அதனால் வருஷா வருஷம் நீரை இறைத்துத் தூர் வாரி, தவளை, மீன், பாசி ஒன்று விடாமல் அள்ளி வெளியே கொட்டுவார். ஆட்களை நம்பாமல் தானே உள்ளே இறங்குவார். பேராசிரியர் அந்தக் கிணற்றில் அள்ளிய தட்டைப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். தண்ணீர் மேலோடு படுத்தபடி சின்னச் சின்னத் துரும்புகள் நெளிந்தன. காய்ச்சலைப் பரப்புகிற கொசுவின் புழு அது என்றார்.

“இதைத் திங்கக் கெணத்துல மீன் இல்லீங்க, கவுண்டரே. கொஞ்சம் மீன் கொண்டாந்து விட்டுடுவோம்.”

மாமனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஏனுங்க வாத்தியாரே, சாமிக்குப் பொங்க வெக்கிற தண்ணீங்க. அதுல மீனை உட்டாக் கவுச்சி ஆயிப்போகாதுங்களா? இதாட்டச் சுத்தமான கெணறு இந்தச் சுத்துவட்டாரத்துல இல்லீங்க.”

“அந்தச் சுத்தந்தாங்க கொசுவுக்கும் பிடிச்சுப்போச்சு.”

மாமனார் முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. அன்று திறந்தேன். “மீன் வேண்டாம்னா எனக்கு வண்டி கட்டச் சொல்லுங்க மாமா. புள்ளையத் தூக்கிட்டுச் சங்ககிரிக்கே போயிர்றேனுங்க. ஒண்ணக் குடுத்தது போதும்.” சங்ககிரி என் பிறந்த ஊர். என் வீட்டுக்காரர் வானத்தை ஆராய்ந்துகொண்டு நின்றார். அது அவருக்குக் கைவந்த கலை.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார். மறுநாள் காலையில், “பொங்கத் தண்ணிய மேக்காட்டுக் கெணத்துல எடுத்துக்கலாம். வாத்தியாரை வரச் சொல்லுங்க” என்றார்.

பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து மீன் வந்தது. தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த பொடி மீன்கள். பானையில் விட்டு, வாய்க்கு ஈரத்துணி கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பேராசிரியரே பஸ்ஸில் வந்திருக்கிறார். வழியெல்லாம் விலை கேட்டார்களாம். “கொழம்புக்குப் பத்தாதுன்னு சொல்லித் தப்பிச்சு வந்தேம்மா” என்றார்.

சில வாரம் கழித்து அவர் மறுபடியும் கரண்டியை விட்டபோது தட்டில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. மகளுக்குக் காய்ச்சல் நின்றுவிட்டது. கொய்னாவை இடையில் விடாமல் கொடுக்க வைத்தவரும் அவர்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமனார் மட்டும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப, நான் மீனை அள்ளிக் கொட்டுனதுலதான் எம்பேரன் போனானுங்களா?”

அந்தக் கேள்வி என் நெஞ்சிலும் இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் சாகும்வரை மாமனாரை நான் மன்னித்திருக்க மாட்டேன். இல்லை என்று சொல்லியிருந்தால் மாமனார் நம்பியிருக்க மாட்டார்.

பேராசிரியர் தட்டை ஓரமாக வைத்துவிட்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். “தெரியலீங்க. அந்தக் கொசு இங்க பொறந்துச்சா, வேற எங்கியோ பொறந்து வந்துச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. இதையே படிச்சிட்டிருக்கிற என்னாலயும் முடியாது. தெரியாததைத் தூக்கித் தலைமேல வெச்சுக்காதீங்க.”

ஆறுதலுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால்தான் அந்தப் பதிலை மாமனாரால் நம்ப முடிந்தது. அதன் பிறகுதான் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார். நானும் அவரும் ஒரே வீட்டில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு வாழ முடிந்தது. மகளைக் காப்பாற்றியதற்கு எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறேன். இதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல், அவர் வரும்போதெல்லாம் மோர் கொடுத்தேன். பல வருஷம் வந்தார்.

அவர் இறந்த செய்தியை நாமக்கல் சந்தைக்குப் போய்வந்த ஆள் கொண்டுவந்தான். எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி கேட்டுத் தலை முழுகுவது பங்காளிகளுக்கும் நெருங்கிய சொந்தத்துக்கும்தான். அந்நியருக்கு யாரும் முழுகுவதில்லை. அதற்குள் மாமனாருக்குக் கண் மங்கி நடை தளர்ந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

“அம்மிணி, தண்ணி சேந்திக் குடு” என்றார்.

சேந்திக் கொடுத்தேன். தலையோடு ஊற்றிக்கொண்டார். அவர் முடித்ததும் வாளியை வாங்கி நானும் ஊற்றிக்கொண்டேன்.