உயிருள்ள சிப்பி: உண்டு

படகைக் கழுவிக் காயவைக்காமல் ஏரியில் இறக்கக் கூடாது. இதைச் சொல்வதற்கென்றே அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். ஏரிக்கரைச் சரிவின் தலைமாட்டில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு வெந்நீர் இயந்திரம், ஐந்து பேர். அந்தச் சோதனைச் சாவடிக்கு அவர் பொறுப்பாளர். அதற்கு முன் படகுத்துறையில் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். படகின் எந்த மூலையில் தண்ணீர் தங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

தேடியது ஒரு சிப்பியை. விரல்நகம் அளவு, உடம்பெல்லாம் வரி. வேறு ஏதோ தேசத்திலிருந்து வந்து, அக்கம்பக்கத்து ஏரிகளில் குடியேறிவிட்டது. குழாயை அடைக்கும், வலையைக் கிழிக்கும், மீனுக்கான இரையைத் தின்று தீர்க்கும். குஞ்சு கண்ணுக்கே தெரியாது, படகில் தேங்கிய ஒரு குவளைத் தண்ணீரில் ஊர் விட்டு ஊர் போகும். ஓர் ஏரிக்குள் வந்துவிட்டால் திரும்ப வெளியேற்ற வழி கிடையாது.

ஒவ்வொரு படகுக்கும் ஒரு படிவம். கடைசிக் கட்டத்தில் 'உயிருள்ள சிப்பி: உண்டு / இல்லை'. ஆறு வருடமாக அவர் 'இல்லை'யைத்தான் வட்டமிட்டார். அதனால் மீனவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'இல்லை சார்'.

"சாயங்காலம் டீக்கடைப் பக்கம் வருவீங்களா சார்னு கேட்டா அதுக்கும் இல்லைன்னுதான் சொல்றாரு" என்பார் வெந்நீர்க் குழாயைப் பிடிக்கிற அக்கா. "அவரு கல்யாணத்துல என்ன சொன்னாரோ, பாவம் அந்த அம்மா."

அந்த 'இல்லை'தான் வினையாக வந்தது. முப்பத்திரண்டு ஏரிகளுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குவது ஒரு நிதிக்குழு. சிப்பி வந்த ஏரிகளில் குழாய் மாற்ற, சுரண்டி எடுக்க, மீனவர்களுக்கு ஈடு கொடுக்க என்று செலவு ஏறிக்கொண்டே போனது. வந்த இடத்துக்குப் பணம் போனது. வராத இடத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. பிறகு ஒருநாள் குழுவின் அதிகாரியே நேரில் வந்தார்.

"ஆறு வருஷத்துல ஒண்ணுகூடப் பிடிக்கலையே சார்?"

"வரலைங்க. வரக் கூடாதுன்னுதானே உக்காந்திருக்கோம்."

"நீங்க இல்லைன்னாலும் வந்திருக்காதுன்னு ஒருத்தர் சொன்னா நான் என்ன பதில் சொல்றது? எனக்கும் மேல கேப்பாங்கல்ல. ஒரே ஒரு கேஸ் காட்டுங்க, நான் சண்டை போட்டு வாங்கித் தரேன். இல்லைன்னா வருஷக் கடைசியோட சாவடியை மூடிடுவாங்க."

அதிகாரி கெட்டவர் அல்ல. அவர் சொன்னதில் உள்நோக்கமும் இல்லை. ஆனால் 'ஒரே ஒரு கேஸ்' என்ற வார்த்தை இவர் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் பேருந்தில் போய், கெட்டுப்போன ஓர் ஏரியின் கரைக்கல்லிலிருந்து ஏழு சிப்பிகளைப் பிடுங்கினார். செத்த சிப்பி கணக்கில் சேராது. உயிரோடு வேண்டும். அதனால் அந்த ஏரித் தண்ணீரோடேயே ஒரு பாட்டிலில் போட்டுக்கொண்டு வந்தார். மனைவியிடம் நண்பனைப் பார்க்கப் போனதாகச் சொன்னார்.

திங்கள் காலை மூன்றாவதாக வந்தது பூட்டுக்காரரின் படகு. கடைத்தெருவில் பூட்டு பழுது பார்த்து, சாவி வெட்டிக் கொடுப்பவர். வாரம் ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு மீன்பிடிக்க வருவார். அவரை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதைத்தான் இவருக்குப் பிற்பாடு யாரிடமும் சொல்லக் கூசியது. பூட்டுக்காரர் சிரித்த முகம். சண்டை போடமாட்டார். அதுதான் காரணம்.

"உள்ள போய் ஒரு கையெழுத்து போட்டுட்டு வாங்க" என்று அவரைக் கொட்டகைக்குள் அனுப்பினார். மோட்டாரின் தண்ணீர் இழுக்கும் சல்லடைக்குள் ஏழு சிப்பிகளையும் செருகினார். அக்கா வெந்நீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. பாட்டில் கையில் இருந்தது, பாதித் தண்ணீருடன். சட்டென்று அதைக் காலடியில் கவிழ்த்தார்.

காலடி என்பது சரிவு. சரிவு முடிவது ஏரியில்.

தேங்கிய தண்ணீரைக் கரையில் கொட்டாதீர்கள், தள்ளிப்போய் மண்ணில் ஊற்றுங்கள் என்று தினமும் நாற்பது பேருக்குச் சொல்லும் வாய் அவருடையது. கொட்டிய பிறகு ஒரு நிமிடம் கழித்துத்தான் அது அவருக்கே உறைத்தது. அக்காவின் கையிலிருந்து குழாயை வாங்கிச் சரிவு முழுக்க வெந்நீர் அடித்தார். அந்த ஒரு நிமிடம் போதுமா, போதாதா என்பது அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

படிவத்தில் 'உண்டு' வட்டமிடப்பட்டது. புகைப்படம் எடுத்தார்கள். தானாக ஒட்டிய சிப்பிக்கு அடியில் நூல் நூலாகப் பிடிமானம் இருக்கும். இவற்றுக்கு அது இல்லை. குழுவில் ஒருவரும் கவனிக்கவில்லை.

பூட்டுக்காரரின் படகு முப்பது நாள் முடக்கப்பட்டது. அபராதம் கட்டினார். செய்தித்தாளில் படகோடு படம் வந்தது. குழு சாவடிக்குப் பணத்தை மூன்று மடங்காக்கியது. இந்த ஏரியைக் காட்டி இன்னும் ஆறு ஏரிகளுக்குச் சாவடி வந்தது. இவருக்கு ஒரு சான்றிதழ். வீட்டில் மகள் அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். அந்தச் சுவர்ப்பக்கம் முதுகு காட்டிச் சாப்பிட உட்காரப் பழகிக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து, குடிநீர் நிலையத்தின் உறிஞ்சுகுழாயில் சிப்பி கொத்துக்கொத்தாக இருந்தது. ஏரி போய்விட்டது. வலைகள் கிழிந்தன. யார் கொண்டுவந்தது என்று ஊருக்குச் சந்தேகமே இல்லை. படத்தோடு செய்தி வந்திருந்ததே. 'சிப்பிக்காரன்' என்றார்கள். அதைவிட மோசம், பூட்டுக்காரரிடம் வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். ஊர்ச் சொத்தையே கெடுத்தவன் கையில் வீட்டுச் சாவியை எப்படிக் கொடுப்பது?

ஏரியைச் சோதிக்க வந்த ஆய்வாளர் பெண்ணிடம், யாரோ கேட்பதுபோல இவர் கேட்டுப் பார்த்தார்.

"அரை பாட்டில் தண்ணியில வந்திருக்குமா மேடம்?"

"வாய்ப்பு ரொம்பக் கம்மி. வேற எந்தப் படகுலயும் வந்திருக்கலாம். ஆனா முடியவே முடியாதுன்னு சொல்லமாட்டேன். ஏன் சார்?"

"சும்மாதான்."

நான்கு மாதம் வாய் திறக்கவில்லை. நான் சொன்னால் ஏழு ஏரிச் சாவடிகளுக்கும் பணம் நின்றுவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த நியாயத்தை நினைக்கும்போதெல்லாம் முகத்தில் சூடு ஏறியது. காப்பாற்ற நினைத்தது ஏரியை மட்டும் அல்ல என்பது அவருக்குத் தெரியும்.

கடைசியில் அக்காதான் கேட்டார், குழாயைச் சுருட்டிக்கொண்டே.

"அன்னைக்குச் சரிவுல கொட்டினது குடிக்கிற தண்ணியா?"

அவர் படிவங்களை அடுக்கத் தொடங்கினார்.

"நான் கேக்காம இருந்ததுக்கும் காரணம் இருக்கு. என் பிள்ளைங்க ரெண்டும் இந்தச் சம்பளத்துலதான் படிச்சுது. கடைத்தெருப் பக்கம் போனா அந்த மனுஷன் கடையைத் தாண்டி நான் தலை நிமிர்ந்து நடக்கிறதில்லை. எத்தனை நாளைக்குய்யா இப்படி?"

மறுநாள் காலை நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதி, குழுவின் அலுவலகத்தில் கொடுத்தார். அங்கிருந்து நேராகப் பூட்டுக் கடைக்குப் போனார். சாவி வெட்டும் இயந்திரத்தின்மேல் துணி போர்த்தியிருந்தது.

"வாங்க சார். நீங்களாவது வந்தீங்களே. சாவி ஏதும் வெட்டணுமா?"

உட்காரச் சொல்லியும் உட்காராமல் சொன்னார். பேருந்து, பாட்டில், சல்லடை, சரிவு. முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கத்துவார், அடிப்பார், அதுகூடப் பரவாயில்லை என்று நினைத்து வந்திருந்தார்.

பூட்டுக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். "ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?"

"காலையில எழுதிக் குடுத்துட்டேன்."

"மத்த ஏரிக்கெல்லாம் பணம்?"

"தெரியலைங்க."

பூட்டுக்காரர் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாகப் பேசினார். "அந்த வாரம் படகு என் மாப்பிள்ளைகிட்ட இருந்துச்சு. அவன்தான் எனக்குத் தெரியாம கெட்ட ஏரிக்குக் கொண்டுபோயிருப்பான்னு நினைச்சேன். கொண்டுபோகவே இல்லை மாமான்னு அழுதான். வெக்கங்கெட்ட பொய்யன்னு பத்துப் பேர் முன்னாடி சொன்னேன் சார். ரெண்டு வருஷமா பொண்ணு இந்த வாசல் ஏறலை. பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டானாம். யாரோ சொன்னாங்க."

இதை இவர் எதிர்பார்க்கவில்லை. அபராதம், முடக்கம், போன வேலை எல்லாவற்றையும் மனத்தில் கூட்டி வைத்திருந்தார். இப்படி ஒருவன் இருந்ததே தெரியாது. மன்னித்துவிடுங்கள் என்ற வார்த்தையைத் தயார்செய்து வந்திருந்தார். அதை இங்கே சொல்வதும் ஒரு சலுகை கேட்பதுபோல் இருந்தது.

பூட்டுக்காரர் செல்போனை எடுத்தார். எண்ணைத் தேடவில்லை, மனப்பாடமாக அழுத்தினார். ஒலிபெருக்கியைப் போட்டு, போனை மேஜைமேல் இவர் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"நான் சொன்னா வெச்சிடுவான். நீங்களே சொல்லுங்க."

மணி அடித்தது. வெகுநேரம் அடித்தது. எடுக்காமல் இருக்கட்டும் என்று ஒரு நொடி மனம் வேண்டியது. அப்படி வேண்டியதற்கும் சேர்த்துக் கூசிப்போனார்.

"ஹலோ?" ஓர் இளைஞனின் குரல். பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. "மாமா? ... யாரு பேசுறது?"

இவர் போனுக்கு அருகே குனிந்து, முதலில் தன் முழுப் பெயரைச் சொன்னார்.