கட்டிங் மாஸ்டர் தாழ்த்திய கார்

இரண்டு சுற்று வெட்டினால் தீராத பிரச்சினை உலகத்தில் இல்லை என்று நம்பிய ஒரு மெக்கானிக்கின் சரித்திரம் இது. ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை அறுத்தெடுத்தால் கார் தாழும். தாழ்ந்த கார் வளைவில் சாயாது. சாயாத காரின் சொந்தக்காரர் நாலு பேரிடம் நம்மைப் பற்றிச் சொல்வார். பதினைந்து வருடமாக இதுதான் அவருடைய தொழில் சாத்திரம். தெருவே அவரைக் கட்டிங் மாஸ்டர் என்றது. நியாயப்படி அந்தப் பட்டம் அவர் மனைவிக்குச் சேர வேண்டியது. பட்டறைக்கு மேல்மாடியில் தையல்கடை நடத்துகிறவர் அவர்தான். ஆனால் பட்டங்கள் என்றைக்குச் சரியான முகவரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன?

மாஸ்டருக்கு உலகில் ஒரே ஒரு குறை, மாமியார் வீடு. மாமியார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு உண்டு, நாற்காலி உண்டு, மதிப்பு மட்டும் கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூட அவர்கள் வேறு கடையைத்தான் தேடிப் போனார்கள்.

இந்த நிலையில் மனைவியின் தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், பழைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். வாங்கியவர் நேராகப் பட்டறைக்கே ஓட்டிவந்து, “மாமா, இதை நீங்கதான் இறக்கித் தரணும்” என்றார். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இதில் ஜெயித்தால் அந்த வீட்டில் அவர் மாப்பிள்ளை. தோற்றால் ஆயுசுக்கும் நாற்காலிதான். பாசம் மிகுந்ததால் இரண்டு சுற்றோடு கை நிற்கவில்லை. இரண்டரை வெட்டினார்.

வெள்ளோட்டத்துக்கு மாமியாரே முன்சீட்டில் ஏறினார். மகன் ஓட்டினார். ரவுண்டானாவில் திரும்பியபோது, பஸ்ஸில் தூங்குகிறவர் பக்கத்து ஆள் தோளில் விழுவது மாதிரி கார் சாய்ந்தது. மாமியாரின் தலை ஜன்னல் கண்ணாடியில் மோதியது. இறங்கியதும் அவர் பேசியது ஒரே வாக்கியம்.

“மாப்பிள்ளை, என் பையன் இறக்கத்தானே சொன்னான், கவுக்கவா சொன்னான்?”

மைத்துனர் மரியாதையாக ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் மைதானத்துப் பக்கம் இன்னொரு பட்டறை இருப்பதாகவும் ஞாபகப்படுத்தினார்.

மாஸ்டர் முதலில் டயரைச் சந்தேகித்தார். பிறகு ரோட்டைச் சந்தேகித்தார். மாமியார் உட்கார்ந்த விதத்தையும் சந்தேகித்தார். அதை மட்டும் வெளியில் சொல்லவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் காருக்கு அடியில் படுத்தார். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம்கள் முன்பு உடம்பிலிருந்து சக்கரத்தை நோக்கிக் கீழே சரிந்திருந்தவை. இப்போது சரணடைந்தவன் கை மாதிரி மேலே தூக்கிக்கொண்டிருந்தன.

ஆட்டம் கண்ட மேசைக்கு முட்டுக் கொடுத்திருந்த தடித்த மெக்கானிக் புத்தகத்தை உருவினார். மேசை ஆடியது, அறிவு அசையாமல் நின்றது. அதில் ரோல் சென்டர் என்று ஒரு அத்தியாயம் இருந்தது. கார் வளைவில் சாயும்போது எந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு சாய்கிறதோ அந்தப் புள்ளி. கண்ணுக்குத் தெரியாது, கோடு போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பட்டறைச் சுவர் முழுக்க அலமாரி. காலியாக இருந்தது தையல்கடைச் சுவர் ஒன்றுதான். மனைவியின் சாக்கட்டியால் காரின் முன்பக்கத்தை முழு அளவில் அதில் வரைந்து, அவருடைய நூலையும் குண்டூசியையும் வைத்துக் கோடுகளை இழுத்தார். நூல்கள் சொன்ன புள்ளி, தரைக்கோட்டுக்கு ஒரு சாண் கீழே, பாதாளத்தில் கிடந்தது.

அப்போதுதான் விளங்கியது. காரின் பாரத்தை அவர் இறக்கியது நாலு விரற்கடை. அந்தப் புள்ளியோ அதைவிட வேகமாகக் கீழே ஓடிவிட்டது. இரண்டுக்கும் நடுவே தூரம் கூடக் கூட, வார் நீண்ட கைப்பை அதிகம் ஆடுவது போலக் கார் அதிகம் சாயும்.

மனைவி வந்து சுவரைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

“ஒரு பேன்ட்ட கொறைச்சா முட்டி எங்க வருதுன்னு பாத்துட்டுதான் நான் கத்திரியே எடுப்பேன். நீங்க பதினஞ்சு வருஷமா முட்டியப் பாக்காமலே வெட்டியிருக்கீங்க.”

மாஸ்டர் புது ஸ்பிரிங் வாங்கிப் போட்டு, இரண்டு விரற்கடையோடு தாழ்த்துவதை நிறுத்தினார். ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டை, தண்டு நீளமானதாகப் பார்த்துப் பொருத்தி ஆர்ம்களைப் பழையபடி சரியவிட்டார். ஸ்டியரிங் ராடையும் அதே அளவு இறக்கினார். சுவரில் மறுபடி நூல் இழுத்தபோது புள்ளி தரைக்கு மேலே வந்து நல்லபிள்ளையாக உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினார். மைத்துனர் பெருந்தன்மையாக வழியைத் திறந்துவிட்டார்: “டயர்தானே மாமா கோளாறு?” ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், மானம் தப்பிவிடும். மாஸ்டர் வாயைத் திறந்துவிட்டு மூடினார். மறுபடி திறந்தார்.

“டயர் நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு என்னோடது. இத்தனை வருஷமா தப்பாத்தான் வெட்டிட்டிருந்தேன்.”

மைத்துனர் சங்கடத்தில் காரைத் துடைக்க ஆரம்பித்தார். மாமியார் முன்சீட்டில் ஏறி மாப்பிள்ளையிடம், “நீங்களே ஓட்டுங்க” என்றார். ரவுண்டானாவை இரண்டு முறை சுற்றினார்கள். மாமியாரின் தலை கழுத்துக்கு நேர் மேலேயே இருந்தது.

“தப்பு என்னோடதுன்னு ஒரு ஆம்பளை சொல்லி எங்க வீட்ல நான் கேட்டதே இல்ல மாப்பிள்ளை. அப்ப இதே மாதிரி வெட்டின மத்த வண்டிங்க?”

மொத்தம் நாற்பது இருக்கும் என்றார் மாஸ்டர். எல்லாவற்றையும் திரும்ப வரச் சொல்லும்படி உத்தரவாயிற்று. மைத்துனர் இப்போது கண்ணாடி வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் ரோல் சென்டரைப் பற்றி வகுப்பெடுக்கிறார், தானே கண்டுபிடித்தது போல.

செவ்வாய்க்கிழமை முதல் வண்டி வந்தது. தன் கார் சாய்வதே இல்லை என்று அதன் சொந்தக்காரர் ஒரே பிடியாக நின்றார். காலையிலேயே வந்து பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்துபோய் முன்சீட்டில் ஏறிக்கொண்டு, ஒரு சுற்று போகச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து கதவைத் திறந்தார்.

“சாயுது மாப்பிள்ளை. உள்ள விடுங்க.”