மொட்டக்கொத்தூருக்கு வந்த வெளியூர்க்காரர்கள்

ஆஞ்சப்பனுக்குப் பொய் சொல்ல வராது. எட்டு வருஷமாக மொட்டக்கொத்தூருக்குப் பஸ் வராததற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி. பக்கத்து ஊர்க்காரர்கள் இருக்கிற வீட்டை இரண்டால் பெருக்கி மனு எழுதிப் பஸ் வாங்கிவிட்டார்கள். இவரோ ஒவ்வொரு மனுவிலும் ‘நாற்பது வீடுகள், அதில் மூன்று பூட்டிக் கிடக்கின்றன’ என்று எழுதுவார். எவன் பஸ் விடுவான்?

ஊருக்குப் பின்னால் குன்றின்மேல் கல்வீடுகள் உண்டு. பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் போட்டு மூடியவை, ஆயிரக்கணக்கான வருஷப் பழசு. பெங்களூரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் மெயின் ரோட்டில் இறங்குவார்கள். ஐந்து கிலோமீட்டர் நடை என்றதும் இளநீரைக் குடித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். அதே ஐந்து கிலோமீட்டரை ஆஞ்சப்பனின் மனைவி நாராயணம்மா தக்காளிக் கூடையோடு தினமும் நடந்தாள். 1988இல் அவள் முழங்கால் வீங்கிப்போனது.

“பஸ்ஸு வர்றப்ப வரட்டும். ஏறுறதுக்கு எனக்குக் கால் இருந்தா சரி,” என்றாள்.

அந்த வருஷம்தான் பரமசிவம் என்ற போக்குவரத்து அதிகாரி ஒரு வழி சொன்னார். “நாப்பது வீட்டுக்கு முடியாது. வெளியூர் ஆளுங்க வர்ற இடம்னா எழுதலாம். ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்கறேன்.”

ஆஞ்சப்பன் ஓசூரில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் வேன் டிரைவர். ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு போட்டு, முதலாளியின் இன்னொரு வேனைக் கேட்டு வாங்கினார். ‘கல்வீடு பார்க்க இலவச வேன்’ என்று துணியில் எழுதிக் கட்டினார். எல்லாம் சரி. ஆனால் பழக்க தோஷம், வேனைக் கொண்டுபோய்த் தினமும் நிறுத்துகிற அதே புளியமரத்தடியில், அதே ஒரு மணிக்கு நிறுத்திவிட்டார். ஆள் பிடிக்க பஸ் ஸ்டாண்டுக்குள் போனார்.

அந்தக் கம்பெனிக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. மதிய ஷிப்ட் ஆட்கள் வந்தார்கள். மாற்று டிரைவரின் வேன் இன்னும் வந்திருக்கவில்லை. புளியமரம் இருந்தது, வேன் இருந்தது, ஏறினார்கள். துணியை ஒருவரும் படிக்கவில்லை. உட்கார்ந்ததும் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கேட் வரும்வரை தூங்குவது அவர்கள் பழக்கம்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள்கூடக் கிடைக்காமல் தொங்கிய முகத்தோடு திரும்பிய ஆஞ்சப்பன், நிரம்பிய வேனைப் பார்த்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. யார் எவர் என்று துண்டை விலக்கிப் பார்ப்பாரா? ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மொட்டக்கொத்தூரில் முதலில் கண் விழித்தவன் சுடலைமுத்து. “ஏ அண்ணாச்சி, எங்கவே கொண்டாந்து விட்டுட்டீரு?” என்று கத்தினான். ஆஞ்சப்பனுக்கு உயிரே போய்விட்டது. அதற்குள் பரமசிவம் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார்.

“நீங்க எந்த ஊரு?”

ஓசூரில் பத்து வருஷம் குப்பை கொட்டியவனும் இந்தக் கேள்விக்குப் பிறந்த ஊரைத்தான் சொல்வான்.

“திருநவேலி,” என்றான் சுடலைமுத்து. அடுத்தவன் ராமநாதபுரம். அதற்கடுத்தவன் தஞ்சாவூர். முப்பத்திரண்டு பேர், பதினொரு ஜில்லா. பரமசிவம் அசந்துபோய் எழுதிக்கொண்டார். உண்மையைச் சொல்ல ஆஞ்சப்பன் வாயைத் திறந்தார். நாராயணம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. மூடிக்கொண்டார்.

ஒரு நாள் சம்பளம் போன கோபத்தில் ஆட்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். நாராயணம்மா ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்ட பிறகு குரல்கள் கொஞ்சம் இறங்கின. ஆறு வருஷமாக ரூமையும் கம்பெனி கேட்டையும் தவிர எதையும் பார்த்திராத சுடலைமுத்து, குன்றேறி ஒரு கல்வீட்டுக்குள் போய்க் காலை நீட்டிப் படுத்தான். “ஏசி போட்டாப்ல இருக்கு!” என்றான். அது சமாதி என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.

பஸ் வந்தது, மூன்று மாதச் சோதனைக்கு. அந்த மூன்று மாதமும் ஆஞ்சப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி ஞாயிறு பரமசிவம் மறுபடி வந்தார். பஸ்ஸிலிருந்து ஏழெட்டு பெங்களூர்க்காரர்கள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் மனைவி, மச்சான், மாமியார், பிள்ளைகள் என்று ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு சுடலைமுத்து இறங்கினான்.

“நீங்க எந்த ஊரு?” என்றார் பரமசிவம்.

“ஓசூர்தான் சார்,” என்றான் நெஞ்சை நிமிர்த்தி. சொல்லக் கூடாத நாளில் சொல்கிறான் பார், என்று எனக்கு வயிற்றெரிச்சல்.

“நாங்க திருநவேலி. மருமவன் அவுக ஊரச் சுத்திக் காட்டக் கூட்டியாந்தாக,” என்றாள் மாமியார்.

பரமசிவம் அந்தக் குடும்பத்துத் தலைகளை எண்ணிப் பத்து என்று எழுதினார்.

“ஒம்பதுன்னு எழுதுங்க சார்,” என்றார் ஆஞ்சப்பன். “அவரு நம்மூரு ஆளு.”