வேர்க்காத குதிரை

குதிரை ஓடவில்லை என்றால் எல்லாரும் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். பிரிக்பீல்ட்ஸில் வீடு, காரின் பின்னால் மருந்துப் பெட்டி, நாளுக்கு ஒரு லாயம் என்று ஓடுகிற குதிரை மருத்துவன் நான். அன்று போனது டெங்கில் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த ஒரு லாயத்துக்கு.

குதிரைக்குச் சொந்தக்காரர் கிள்ளானில் கல்யாணங்களுக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் ஓர் அக்கா. பிள்ளைகள் வளர்ந்த பிறகு சவாரி கற்றுக்கொண்டார். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற நியூசிலாந்துக் குதிரை ஒன்றை வாங்கித் தடை தாண்டும் போட்டிகளுக்குப் போனார். சொந்தபந்தம் கேலி பேசியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆனால் சில மாதங்களாகக் குதிரை பாதித் தடைகளைத் தாண்டியதும் மூச்சிரைக்க நின்றுவிடுகிறது.

"சோம்பேறின்னு கோச் சொல்றாரு டாக்டர். காப்பார் பக்கம் ஒரு அண்ணே மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இவன வெலைக்குக் கேக்குறாரு. சும்மா நடந்தா போதும் லா, இவனுக்கும் ரெஸ்ட்டு. ஞாயித்துக்கிழமை லோரி அனுப்புறாராம்." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சோம்பேறி என்று கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனிதரில் சோம்பேறிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், கண்ணாடியிலும் சேர்த்து. குதிரையில் பார்த்ததில்லை. வலியோ, மூச்சுத் தடையோ, வயிற்றுப் புண்ணோ ஏதோ ஒன்று இருக்கும். நமக்குப் பிடிபடவில்லை என்றால் பழியை அதன்மேல் போட்டுவிடுவோம்.

கால்களை மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிட்டேன், நொண்டவில்லை. இதயம் சீராக அடித்தது. மூக்கு வழியாகக் குழாய்க் கேமராவை விட்டுத் தொண்டையைப் பார்த்தேன், அங்கேயும் ஒன்றுமில்லை. முன்பே எடுத்திருந்த இரத்தப் பரிசோதனையிலும் குறை தெரியவில்லை. எனக்கே எரிச்சல் வந்துவிட்டது.

"ஏறி ஓட்டுங்க அக்கா. இந்த வெயில்லயே ஓட்டுங்க, பார்ப்போம்."

சில சுற்றுகளிலேயே குதிரையின் மூக்கு விரிந்து விலா துடித்தது. அக்கா சட்டை முழுக்க நனைந்து இறங்கினார். சும்மா நின்ற நானே தொப்பலாகிவிட்டேன். குதிரையின் கழுத்தில் கை வைத்தேன். ஈரமே இல்லாத தோல், அடுப்பில் கிடந்த சட்டி மாதிரி கொதித்தது.

"இவனுக்கு வேர்க்காதா?"

அக்காவின் முகம் மலர்ந்தது. "முன்னல்லாம் ஊத்தும் டாக்டர். உடம்பு சூடுன்னு தெனமும் பார்லி தண்ணியும் இளநீரும் கொடுத்தேன். இப்ப பாருங்க, ஒரு சொட்டு இல்ல. சூடெல்லாம் எறங்கிடுச்சி."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் எல்லாவற்றுக்கும் பார்லி தண்ணீர்தான். பாவம், பார்லி ஒரு தப்பும் செய்யவில்லை. குளிர் நாட்டுக் குதிரைகளில் சில நம் புழுக்கத்தில் ஓயாமல் வேர்த்து, ஒரு கட்டத்தில் வேர்ப்பதையே நிறுத்திவிடும். சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். உறுதி செய்துகொள்ள, வேர்வையை வரவழைக்கும் மருந்தைக் கழுத்துத் தோலில் சில இடங்களில் ஊசியால் ஏற்றினேன். நல்ல குதிரைக்கு அந்த இடங்கள் நனைந்துவிடும். இவனுக்குப் பெயருக்குக் கொஞ்சம் கசிந்தது.

"மாப்பிள்ளை ஊர்வலம் வெயில்லதானே அக்கா?"

"ஆமா டாக்டர். மேளம், மேல ஜரிகைத் துணியெல்லாம் போட்டு..." அத்தோடு நிறுத்திக்கொண்டார். கல்யாண வீட்டு வெயிலில் கூடாரம் அடித்துப் பழகியவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "செத்துருவானா?"

"சாகலாம்."

அங்கேயே போனை எடுத்தார். "அண்ணே, லோரி அனுப்பாதீங்க. இல்லண்ணே, வேற யாருக்கும் கொடுக்கல. இவன் என்கிட்டயே இருக்கட்டும்."

இதற்கென்று ஒரு மாய மருந்து கிடையாது. ஓய்வு, நிழல், காற்று, தீவனத்தில் உப்புச் சத்து, பிறகு விடியும் நேரத்தில் மட்டும் சவாரி. திரும்பவும் வேர்க்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. மறுநாளே, கல்யாணக் கூடாரங்களில் தண்ணீர்ச் சாரல் தெளிக்கும் பெரிய விசிறிகள் இரண்டு லாயத்துக்கு வந்து சேர்ந்தன. யாராவது வாடகைக்குக் கேட்டால், வேறு கல்யாணத்துக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். வேலை முடிந்து அங்கே போகிற நாட்களில் நானும் குதிரையோடு அந்தக் காற்றில் நிற்பேன். உண்மையைச் சொன்னால், அவ்வளவு சுகமாக என் வீட்டில்கூட நான் இருந்ததில்லை.

மழைக்காலம் முடியப்போகிற ஒரு காலையில் தோசைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவிடமிருந்து போன். "உடனே வாங்க டாக்டர்." அதோடு வைத்துவிட்டார். தோசையை விட்டுவிட்டு ஓடினேன்.

சவாரி முடிந்து குதிரை நின்றுகொண்டிருந்தது. கழுத்திலும் விலாவிலும் ரோமம் நனைந்து கருத்திருந்தது. சேணத்தின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வேர்வை நுரை. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்திருந்தார். நிமிர்ந்தபோது கன்னமெல்லாம் ரோமம் ஒட்டியிருந்தது, கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது, வாயோ சிரித்தது.

"நாறுறான் டாக்டர்," என்றார். "எப்படி நாறுறான் பாருங்க!"