டிக்கிக்குள் இஸ்திரிப் பெட்டியின் தழும்பு

"படம் புடிக்கத்தானே கையெழுத்து வாங்கின? அப்பால கார் எப்படிப் போச்சு?"

மாடம்பாக்கத்தில் துணி தேய்க்கும் எல்லம்மா அக்கா இப்படிக் கேட்டபோது நானும் அந்தத் தெருவில்தான் நின்றிருந்தேன். கேள்வி எனக்கில்லை, கைனாத்துக்கு. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை முதலிலிருந்து சொல்கிறேன்.

கைனாத்துக்கு வயது இருபத்தொன்பது. வீடு இரும்புலியூரில். ஜி.எஸ்.டி. ரோட்டில் பழைய கார் விற்கும் ஒரு யார்டில் வேலை பார்த்தாள். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு காரையும் இருபத்திரண்டு படம் எடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், நாலு டயர், மீட்டர், சீட்டு, டிக்கி. கடைசியாகத் தரையில் கிடக்கும் விரிப்பைத் தூக்கி, அடியில் துரு இருக்கிறதா என்று ஒரு படம். அவள் விரிப்பைத் தூக்காமல் விட்ட கார் கிடையாது. கழுவித் துடைத்து பாலிஷ் போட்ட கார் வெளியே எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லும், விரிப்புக்கு அடியில் சொல்லாது என்பாள்.

அது சம்பளத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை காமிரா அவளுடையது. சேலையூரில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும் பிரீமியர் பத்மினி, அதற்குக் கீழே குட்டி போட்டிருக்கும் பூனை. பெருங்களத்தூரில் ஆயில் ஒழுகும் மாருதி எண்ணூறு, அந்த ஆயில் சொட்டும் இடத்தை மட்டும் வட்டமாக விட்டுவிட்டுக் கோலம் போடும் வீட்டுக்கார அம்மா. குரோம்பேட்டையில் ஒரு கான்டெசா, அதன் பானெட்டில் காயும் வடகம். மாலை போட்டு மேடையில் நிறுத்திய கார்கள் மேல் அவளுக்கு ஆசையில்லை. ஓடுகிற காரை ஊரே பார்க்கும். நிற்கிற கார் யாரோடு நிற்கிறது என்பதைத்தான் அவள் தேடிக்கொண்டு போனாள்.

ஆரம்பத்தில் ஒரு தவறு செய்தாள். இணையத்தில் போட்ட ஒரு படத்தில் நம்பரும் தெருப் பெயரும் தெரிந்துவிட்டன. மறுநாளே தரகர்கள் காரை விலைக்குக் கேட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வீட்டுக்காரர் அவளைக் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தார். அதிலிருந்து நம்பர் பிளேட்டின் மேல் ஓர் அட்டையை வைத்து மறைத்த பிறகுதான் காமிராவைத் தூக்குவாள். தெருவைச் சொல்ல மாட்டாள். சொந்தக்காரரிடம் ஒரு தாளில் கையெழுத்தும் வாங்குவாள். 'இந்தக் காரைப் படம் எடுக்கவும் வெளியிடவும் எனக்குச் சம்மதம்' என்று இரண்டே வரி. யாரையும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தாள்.

தாளை வாசித்துக் காட்டுவது பிரசன்னா. அதே யார்டில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைகளையும் பெயர் மாற்றும் வேலைகளையும் பார்ப்பவன். ஐந்து வருடமாக இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள். அவளை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். அவளுடைய அத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பத்து நாள் வார்டு வாசலைவிட்டு நகராதவன். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் அவளை ஏற்றிப் போவதும் அவன்தான். அவள் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவன் சொந்தக்காரரோடு டீ குடித்து, கதை பேசி, கையெழுத்தை வாங்கி வைத்திருப்பான். அவன் சிரித்துக்கொண்டே கேட்டால் மறுத்தவர் யாருமில்லை.

இப்படித்தான் ஓர் ஆடி மாதம் எல்லம்மாவிடம் வந்தார்கள்.

வேப்ப மரத்தடியில் தள்ளுவண்டி, அதை ஒட்டி நாலு டயரும் தரையில் அமுங்கிய வெள்ளை அம்பாசடர். எல்லம்மாவின் கணவர் துரை வாடகைக்கு ஓட்டிய கார். வாங்கும்போதே மனைவி பெயரில்தான் வாங்கினார். அவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது. கார் அதற்கப்புறம் நகரவில்லை, ஆனால் சும்மாவும் நிற்கவில்லை. தேய்த்த துணியெல்லாம் பின் சீட்டில், வீட்டு வாரியாக. தேய்க்காத மூட்டைகள் முன் சீட்டில். கரி மூட்டை டிக்கியில். மழை வந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும். தெருக்காரர்கள் அவர்களே கதவைத் திறந்து தங்கள் துணியை எடுத்துப் போவார்கள்.

டிக்கித் தரையில் கறுப்பாக ஒரு தழும்பு இருந்தது. முனை கூராக, அடி அகலமாக, அச்சு அசல் இஸ்திரிப் பெட்டி. ஒரு நாள் திடீர் மழையில் எல்லம்மா சூட்டோடு பெட்டியை உள்ளே வைத்துவிட்டாராம். பெயின்ட் பொங்கிக் கருகி, துரை ஒரு வாரம் பேசவில்லையாம். அதைச் சொல்லும்போது எல்லம்மா சிரித்தார். கைனாத் அந்தத் தழும்பையும் படம் எடுத்தாள்.

எல்லம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனால் அதற்குள் பெட்டி ஆறிவிடும். பிரசன்னா வாசித்தான், அவர் கையெழுத்துப் போட்டார். பெயரைச் சரியாக எழுத வேண்டும் என்று ஆர்.சி. புத்தகத்தையும் அவன் வாங்கிப் பார்த்தான். எவ்வளவு பொறுப்பான பையன் என்றுதான் கைனாத் நினைத்தாள்.

படம் பலருக்குப் பிடித்துவிட்டது. வேறு வெளிச்சத்தில் எடுக்க அவள் இன்னும் மூன்று முறை போனாள். ஒவ்வொரு முறையும் ஒரு தாள், ஒரு கையெழுத்து. மூன்றாம் முறை பிரசன்னா வாசிக்கத் தொடங்கியதும் எல்லம்மா கையை நீட்டி, "தெரியும் குடுப்பா, பெட்டி ஆறுது" என்று வாங்கிப் போட்டுக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். கைனாத்தும்தான்.

கார்த்திகையில் அவளுடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். ஒரு வாரம் ஆம்பூருக்குப் போயிருந்தாள். அந்த வாரம் பிரசன்னா தனியாக மாடம்பாக்கம் வந்தான். மார்கழியில் பழைய கார் கண்காட்சி இருக்கிறது, கைனாத் இந்தக் காரைப் பெயின்ட் அடித்து அங்கே நிறுத்த ஆசைப்படுகிறாள், பொங்கலுக்குள் புதுசாகத் திரும்பி வரும் என்றான். வழக்கம்போல் தாள் நீட்டினான். இந்த முறை நாலைந்து தாள். பெயின்டருக்கு ஒன்று, இன்சூரன்சுக்கு ஒன்று என்றான். ஆர்.சி. புத்தகத்தையும் ஆதார் நகலையும் வாங்கிக்கொண்டான். எல்லம்மா துணி மூட்டைகளை இறக்கி வீட்டுக்குள் அடுக்கினார். காரைச் சங்கிலி கட்டி இழுத்துப் போனார்கள்.

பொங்கல் முடிந்ததும் எல்லம்மாவிடமிருந்து கைனாத்துக்குப் போன் வந்தது. பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று கேட்டார். என்ன பெயின்ட் என்று அவளுக்குப் புரியவில்லை. பிரசன்னாவிடம் கேட்டாள். அவன் கொஞ்சமும் தடுமாறவில்லை. உன் பிறந்தநாளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வைத்திருந்தேன், அந்த அம்மா உளறிவிட்டாள், டிங்கரிங் வேலை அதிகம், இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றான்.

அவள் நம்பினாள். வார்டு வாசலில் பத்து நாள் கிடந்தவனை எப்படி நம்பாமல் இருப்பது? நம்பியதோடு நிற்கவில்லை. மாடம்பாக்கம் போய் எல்லம்மாவிடம், "நான் பொறுப்புக்கா, கார் வந்துடும்" என்று சொன்னாள். அந்த மாதம் இரண்டு நாள் மழை பெய்து, தார்ப்பாய்க்கு அடியில் வைத்த பட்டுப் புடவை ஒன்று நனைந்து சாயம் இறங்கியது. மூன்று வீட்டுக்காரர்கள் துணி போடுவதை நிறுத்திவிட்டார்கள். எல்லம்மா அப்போதும், பாப்பா பொறுப்பு என்று சொல்லியிருக்கிறது என்று தெருக்காரர்களிடம் சொன்னார்.

மாசியில் ஒரு ஞாயிறு, பல்லாவரம் பக்கம் ஒரு மைதானத்தில் பழைய கார்களை நிறுத்தினார்கள். எல்லா காரையும் படம் எடுத்துத் தரச் சொல்லி கைனாத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். வரிசையின் நடுவில் கிரீம் நிறத்தில் ஓர் அம்பாசடர். குரோம் பம்பர், வெல்வெட் திரை, மல்லிகைச் சரம், கல்யாணத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும் என்று ஓர் அட்டை. நம்பர் பிளேட்டையும் பூ மறைத்திருந்தது. அழகான கார் என்று டிரைவரிடம் அவளே பாராட்டினாள். இருபத்திரண்டில் இருபது படம் எடுத்தாள். டிக்கியைத் திறந்தாள். புதுச் சிவப்பு விரிப்பு.

கை பழக்கத்தில் தூக்கியது.

முனை கூராக, அடி அகலமாக.

ஒரு நொடி அவளுக்குச் சிரிப்புதான் வந்ததாம், தெரிந்தவரைத் தெரியாத ஊரில் பார்த்ததுபோல. அடுத்த நொடி போனை எடுத்துத் தன் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பூவை விலக்கி, நாலு முறை தானே அட்டை வைத்து மறைத்த நம்பர்தானா என்று பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போயின. டிரைவரிடம் கேட்டதற்கு, முதலாளி இதை முறைப்படி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒருவரிடம் வாங்கினார், பேப்பரெல்லாம் சுத்தம், இப்போது கோயம்புத்தூர் பார்ட்டிக்குப் பேசி முடித்தாயிற்று, நாளைக்கு லாரி ஏறுகிறது என்றார்.

அவள் நேரே யார்டுக்குப் போனாள். அந்த ஞாயிறு யார்டில் பிரசன்னாவின் முறை, சாப்பிட்டுக்கொண்டிருந்தான். படத்தைக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டு, டப்பாவை மூடி வைத்தான். மறுக்கவில்லை.

"துருப்புடிச்சி செத்துக்கினு இருந்துச்சு மச்சான். நான் அதுக்கு உயிர் குடுத்தேன். நீ இன்னா குடுத்த? லைக்கா?"

எல்லம்மா அக்கா எதில் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டாள்.

"விக்கிறதுக்கான ஃபார்ம்ல. எல்லாம் சட்டப்படிதான். படிக்காம கையெழுத்து போட நானா பழக்குனேன்? நீதானே பழக்குன."

ஐந்து வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டவன் சொன்ன சொல் இது. அவள் அவனைத் திட்டவில்லை. திட்ட ஆரம்பித்தால் தன்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும் என்று தோன்றியதாம். அன்றே வேலையை விட்டாள்.

பிறகு மாடம்பாக்கம் போனாள். நான் தேய்க்கக் கொடுத்த சட்டையை வாங்க நின்றிருந்தது அப்போதுதான். அவள் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். எல்லம்மா பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். மேலே எழுதிய கேள்வியைக் கேட்டார். கூடவே இன்னும் ஒன்று சொன்னார்.

"அவன் யாரு எனக்கு? அவனை நான் நம்பல பாப்பா. உன் பேரச் சொன்னான், அதான் போட்டேன்."

அதற்குப் பிறகு அவர் கைனாத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

கைனாத் எல்லம்மாவை அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் போனாள். புகாரை வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்து உங்களுடையதுதானே என்று கேட்டார்கள், ஆமாம் என்றார் எல்லம்மா. விசாரணை நடக்கிறது. அதற்குள் லாரி ஏறிக் கோயம்புத்தூர் போன கார் அங்கிருந்தும் கை மாறிவிட்டது, இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பிரசன்னா வேறொரு யார்டில் அதே வேலையில் இருக்கிறான்.

கைனாத் இப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் பழைய கார்களைத் தேடிப் போகிறாள், தனியாக, பஸ்ஸில். யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை. அவள்தான் ஒரு தாளில் பெயர், விலாசம், போன் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்காரரிடம் கொடுக்கிறாள். எல்லம்மாவிடமும் ஒன்றை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. தள்ளுவண்டியின் மேல் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் நான் போனபோது, துணி பறக்காமலிருக்க வைக்கும் கல்லுக்கு அடியில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. தூக்கிப் போடவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை.

வேப்ப மரத்தடியில் நாலு டயர் அமுங்கிய பள்ளம் மட்டும் இருக்கிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கிறது.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கோ, தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கோ கிரீம் நிற அம்பாசடர் வந்தால், மாப்பிள்ளை இறங்கிய பிறகு டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். தழும்பு இருந்தால் மாடம்பாக்கம் வேப்ப மரத்தடிக்கு ஒரு சொல் அனுப்புங்கள். தமிழ்நாடு முழுக்க எல்லா டிக்கியையும் கைனாத் ஒருத்தியால் திறக்க முடியாது. அதனால் இந்தக் கதையை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.