சப்பாத்துக்குள் முளைத்த நெல்

நேற்றைய மழையில் நனைந்த தோல் செருப்பை அடுப்படியில் காய வைத்திருந்தேன். பக்கத்து வீட்டில் விதைநெல் ஊறப் போட்டிருந்தார்கள். இரண்டு மணமும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கும் வர வேண்டுமானால் சீனித்தம்பியின் சப்பாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உள்நாட்டு யுத்தத்துக்கு முந்திய காலம். மட்டக்களப்பில் தண்டவாளம் இறக்கும் யார்டு ஒன்றில் நான் புதுக் கிளாக்கர். விதிகளை மனப்பாடம் செய்து, கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்த வயது. இப்போதும் அப்படித்தான், பென்ஷன் எடுத்துக்கொண்டு சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருவன் காலில் தண்டவாளம் விழுந்த பிறகு எல்லோருக்கும் சப்பாத்துக் கொடுத்தார்கள். மூக்கில் இரும்புத் தகடு, அடியில் ஆணி, மாட்டைவிடப் பிடிவாதமான மாட்டுத்தோல். எந்தத் தேசத்துக் கால்களை அளந்து தைத்தார்களோ, அந்தக் கால்களுக்கு விரல்கள் இருந்திருக்க முடியாது.

எங்கள் கூலியாள் சீனித்தம்பி வாவிக்கு அக்கரையில் உள்ள வவுணதீவுக்காரன். வயற்சேற்றில் நடந்து விரிந்த பாதம். விரல்கள் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டவை போல விலகி நிற்கும்.

"மூணு விரல் உள்ள போயிட்டு, கிளாக்கர். மத்த ரெண்டும் வரமாட்டன் எண்டுது" என்றான்.

சிரித்தாலும் அவனுக்குக் கவலைதான். தீபாவளி லீவு கழிந்ததும் எஞ்சினியர் துரை வருவார். சப்பாத்துடன் நடந்து காட்டுகிறவர்களுக்கே நிரந்தர வேலை. வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவேன் என்று அவன் மாமன் சொல்லியிருந்தார்.

பெரிய அளவு கேட்டு எழுதினேன். சப்பாத்தின் அளவு சரிதான், காலைச் சரிபார்க்கவும் என்று பதில் வந்தது. நல்லெண்ணெய் பூசினோம், தோல் அதைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. வாவியில் நனைத்து நடக்கச் சொன்னேன், கொப்புளம்தான் மிச்சம். கத்தியால் கீறட்டுமா என்றான். அரசாங்கச் சொத்தைக் கீறக் கூடாது என்று விதியைச் சொன்னேன்.

"அப்ப நெல்லுப் போடலாமா?"

யோசித்தேன். நெல் போடக் கூடாதென்று எந்த விதியிலும் இல்லை.

"ஊறின நெல்லு சாக்கையே பிரிச்சிரும், கிளாக்கர். இந்தத் தோலு எம்மாத்திரம்!"

லீவுக்கு முதல் நாள் காலையில் இரண்டு சப்பாத்திலும் நெல்லை இறுக நிரப்பித் தண்ணீர் ஊற்றினான். மாலையில் கொட்டிவிடுவதாகத்தான் பேச்சு. ஆனால் வயல்காரன் கை சும்மா இருக்குமா? விதைநெல்லுக்குச் செய்து பழகியபடியே நீரை வடித்து, ஈரச்சாக்கால் மூடி, மேலே பாரமும் ஏற்றி வைத்துவிட்டு, தோணி ஏறித் தன் வயல் வட்டைக்கு விதைக்கப் போய்விட்டான்.

நாலு நாள் லீவு முடிந்த காலை சாக்கைத் தூக்கினால், நாடா கோர்க்கும் துளைகள்தோறும் முளைகள் எட்டிப் பார்க்கின்றன. பயத்துக்கு முன் அவனுக்குப் பெருமை வந்துவிட்டது.

"பாத்தீங்களா கிளாக்கர், ஒண்டும் பழுதில்ல. எல்லாம் முளைச்சிட்டு!"

"துரை வாறார் மனிசா, புடுங்கு!"

வேரும் முளையுமாகப் பாய் போல உரித்தெடுத்தோம். கால் உள்ளே போனது, ஐந்து விரலோடும். வரிசையில் நின்று கம்பீரமாக நடந்து காட்டினான். துரை குனிந்தார். இடது சப்பாத்தின் துளையொன்றில் பச்சையாக ஒரு முளை மிஞ்சியிருந்தது. இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

துரை விரல் நீட்டிய இடம் சீனித்தம்பிக்குப் புரிந்தது. மரியாதையாகச் சொன்னான்:

"மூணு மாசத்தில அறுக்கலாம், துரை."

மொழிபெயர்ப்பது என் கடமை. "புதுச் சப்பாத்தின் பிசிறுதான், மூன்று மாதத்தில் காலுக்கு நன்றாகப் படிந்துவிடும் என்கிறான், ஐயா" என்றேன். துரை திருப்தியுடன் தலையசைத்து அடுத்தவனிடம் போனார். வேலை நிரந்தரமானது.

உரித்த முளைகளை அவன் எறியவில்லை. வட்டையின் மூலையில் ஊன்றினான். கலியாணப் பந்தியில் என் இலையில் தனியாக ஒரு பிடி சோறு வைத்து, "சப்பாத்துச் சோறு, கிளாக்கர். துரைக்குச் சொல்லிராதீங்க" என்று காதோடு சொன்னான்.

யார்டு இருந்த இடத்தில் இப்போது கடைகள். தோணி ஓடிய துறையில் பாலம். சீனித்தம்பியும் போய்விட்டான். அந்தக் கடைகளில் ஒன்றில் காலைப் பலகையில் வைத்து அளந்து, பஞ்சு போன்ற சப்பாத்துத் தருகிறார்கள். எங்கள் கால்களை அப்படி யாரும் அளந்ததில்லை. அளந்திருந்தால் அந்தப் பந்தியில் ஒரு பிடி சோறு குறைந்திருக்கும்.